புரோகிராமுக்குப் போறவன்கிட்ட எத்தனை பேஸ் கிட்டார் இருக்கணும்?

நாலாங்கம்பி (திண்டுக்கல்)

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான். ஆனா எங்க வீட்டுல ரெண்டு வாரமா இதுதான் ஓடுது.

ஒன்பது வருஷமா மெல்லிசைக் குழுவுல பேஸ் வாசிக்கிறேன். பகல்ல ஒரு ஹார்டுவேர் கடையில கணக்கு எழுதுற வேலை. மாசியில ஆரம்பிச்சு வைகாசி வரைக்கும் கோவில் திருவிழா, மத்த மாசம் கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, எப்பவாவது காலேஜ் ஃபங்ஷன். ஆடி வந்தா திரும்பவும் அம்மன் கோவில்.

கையில இப்ப மூணு பேஸ் இருக்கு. ஒண்ணு நீலக் கலர், அஞ்சு கம்பி, ஆக்டிவ் (உள்ள பேட்டரி போடுற வகை). அதுதான் சோறு போடுது. ரெண்டாவது செவப்பு, நாலு கம்பி, ஜாஸ் பேஸ் மாடல். முதன்முதலா 11,000 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்டுல வாங்கினது. மூணாவது ஃப்ரெட்லெஸ், அதாவது கழுத்துல குறுக்குக் கோடு மாதிரி இருக்கிற ஃப்ரெட் இல்லாதது. லாக்டவுன்ல வேலை இல்லாம உட்கார்ந்திருந்தப்ப வீடியோ பாத்துப் பாத்து வாங்கிட்டேன். ஹால்ல செவுத்துல தொங்குது. வர்றவங்க எல்லாம் "இதுல கோடே இல்லையே, எப்படி வாசிப்பீங்க"ன்னு கேப்பாங்க. அதுக்கு மட்டும் உபயோகம்.

இப்ப விஷயம் என்னன்னா, தெரிஞ்சவர் ஒருத்தர் வெளிநாடு போறார். அவர்கிட்ட ஒரு பிரிசிஷன் பேஸ் இருக்கு. நாலு கம்பி, சன்பர்ஸ்ட் கலர், கையில எடுத்தா கீழ வைக்க மனசு வராது. 42,000 சொல்றார். பங்குனி அட்வான்ஸ் வந்திருக்கு, பணமும் சரியா இருக்கு.

வீட்டுக்காரி சண்டை போடல. என் டைரியை எடுத்து வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டா. போன வருஷம் 41 புரோகிராம். எந்த புரோகிராமுக்கு எதை எடுத்துட்டுப் போனேன்னு ஒண்ணொண்ணா கேட்டா. நீலம் 38. செவப்பு 3. ஃப்ரெட்லெஸ் பூஜ்யம். "நாலாவது வந்தா 38 எத்தனை ஆகும்?"னு கேட்டா. என்கிட்ட பதில் இல்ல.

புரோகிராமுக்குப் போறவங்க உண்மையைச் சொல்லுங்க. எத்தனை வச்சிருக்கீங்க, எத்தனை நெஜமாவே தேவைப்படுது?

தட்டைக்கம்பி

ஒண்ணு. அவ்வளவுதான்.

அமெரிக்க பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனிக்கு வாசிச்ச பெரும்பாலான பாட்டு, 1962 மாடல் பிரிசிஷன் ஒண்ணை வச்சு வாசிச்சதுதான். ஃப்ளாட்வவுண்டு (தட்டையாச் சுத்தின) கம்பி, பிரிட்ஜுக்குப் பக்கத்துல ஒரு துண்டு ஸ்பாஞ்ச். கம்பி அறுந்தாத்தான் மாத்துவாராம். நாம என்னடான்னா மாசத்துக்கு ஒரு பேஸ் மாத்தினா டோன் வந்துரும்னு நினைக்கிறோம்.

1951-ல லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டு வந்தப்ப அதோட பெரிய வசதியே, டபுள் பேஸ்ங்கற பூதத்தை வேன் வச்சு இழுக்காம ஒரு ஆள் கையில தூக்கிட்டுப் போகலாங்கறதுதான். நீங்க நாலு வாங்கித் திரும்பவும் வேன் வைக்கப் போறீங்க.

இருக்கிறதுல நல்லதை வச்சுக்கிட்டு மத்ததை வித்துடுங்க.

மேலூர்க்காரன்

தம்பி, நான் 26 வருஷமா வாசிக்கிறேன். ஒரு காலத்துல என்கிட்ட ஏழு இருந்துச்சு. இப்ப ரெண்டு. ஏழு எப்படி ரெண்டாச்சுன்னு சொல்றேன், அதுலயே உங்களுக்கு வேண்டியது இருக்கும்.

தட்டைக்கம்பி சொன்னது ஸ்டுடியோவுக்குச் சரி. ஸ்டுடியோவுல கம்பி போனா டீ குடிச்சுட்டு வந்து மாட்டிக்கலாம். ராத்திரி பதினோரு மணிக்குப் பொட்டல்ல மேடை போட்டு, ஊர்க் கமிட்டி முன்னாடி வரிசையில உட்கார்ந்திருக்கிறப்ப டீ கிடையாது. இன்னொண்ணு, அந்த ஜேமர்சனோட 1962 பேஸையும் அவர் 1983-ல சாகுறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி யாரோ களவாண்டுட்டான். ஒண்ணே ஒண்ணு வச்சிருந்தா அந்தப் பயமும் சேர்த்துத்தான்.

சிவகங்கைப் பக்கம் ஒரு பங்குனிப் பொங்கல். அப்ப என்கிட்ட ஏழு. நாலு கம்பியில நாலு, அஞ்சு கம்பியில மூணு. மொத்தம் 31 கம்பி. அன்னைக்கு எடுத்துட்டுப் போனது ஒரு அஞ்சு கம்பி ஆக்டிவ், ஸ்பேருக்கு ஒரு நாலு கம்பி. ஸ்பேர் எதுன்னு யோசிச்சு எடுக்கல. பீரோவுக்குப் பின்னாடி கை விட்டேன், எது வந்துச்சோ அதை எடுத்துக்கிட்டேன்.

ஏழாவது பாட்டு ஓடிட்டு இருக்கு. திடீர்னு பேஸ்ல கரகரன்னு ஒரு சத்தம். ஸ்பீக்கர் கிழிஞ்ச மாதிரி. மிக்சர்ல இருக்கிறவர் என்னைப் பாக்குறார், நான் அவரைப் பாக்குறேன். ரெண்டு நிமிஷம் இல்ல, சுத்தமா போச்சு. பேட்டரி. ஆக்டிவ் பேஸ்ல ஜாக்கைச் சொருகினாலே பேட்டரி ஓட ஆரம்பிச்சுரும், தெரியும்ல. முந்தின நாள் லாட்ஜ்ல கேபிளைக் கழட்டாமச் சாத்தி வச்சிருந்தேன். அதுவும் பழைய பேட்டரி, எப்ப போட்டேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. சாகக் கூடாத நேரம் பாத்துச் செத்துச்சு.

சரி, ஸ்பேர் இருக்கேன்னு உறையிலிருந்து உருவினேன். அடுத்த பாட்டு 5 கட்டை சுருதி, இங்கிலீஷ் ஸ்வரத்துல ஜி. நான் வருஷக்கணக்கா அஞ்சு கம்பியில பழகின கை. மேலே இருந்து ரெண்டாவது கம்பி, மூணாவது ஃப்ரெட், அதுதான் ஜி. கை தானா அங்க போய் உட்கார்ந்துச்சு. ஆனா நாலு கம்பியில மேலே இருந்து ரெண்டாவது 'ஏ' கம்பி. அதுல மூணாவது ஃப்ரெட் ஜி இல்ல, சி. மொத்தக் குழுவும் 5 கட்டையில எடுக்குது, நான் மட்டும் 1 கட்டையில நின்னுக்கிட்டு இருக்கேன். பாடுற பையன் திரும்பிப் பாத்தான் பாருங்க, அந்தப் பார்வை இன்னும் மறக்கல. கட்டைவிரலை வைக்கிறதுக்கு 'பி' கம்பியைத் தேடுறேன், அங்க காத்துதான் இருக்கு. கம்பி ரெண்டு வருஷம் மாத்தாதது, விரல்ல துரு ஒட்டுது. ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல கம்பியோட உயரம்) வேற ஏறிப்போய், ஒவ்வொரு ஸ்வரத்தையும் அமுக்கிப் புடிச்சு வாங்க வேண்டியிருக்கு.

அடுத்து ரெண்டு கட்டையில ஒரு பாட்டு. நாலு கம்பி பேஸ்ல கடைசி ஸ்வரமே 'இ', அதாவது 3 கட்டை. அதுக்குக் கீழ கிடையாது. கீபோர்டுக்காரருக்கு என்ன, டிரான்ஸ்போஸ் பட்டனை ரெண்டு தட்டுத் தட்டினா முடிஞ்சுது. பாடுறவர் "அண்ணே, தொண்டை சரியில்ல, அரைக்கட்டை இறக்குங்க"ன்னு மேடையிலயே சொல்லுவார். அவங்களோட சேர்ந்து நாமளும் இறங்கணும். நான் எங்கன இறங்குறது? மேல் ஸ்தாயியில வாசிச்சுச் சமாளிச்சேன். அடியில்லாத பாத்திரம் மாதிரி இருந்துச்சு.

என்னைக் காப்பாத்தினது பொன்னாடை. நடுவுல கமிட்டித் தலைவர், பொருளாளர், ஜெனரேட்டர் குடுத்தவர்னு வரிசையாத் துண்டு போட்டு, ஒவ்வொருத்தரும் ரெண்டு வார்த்தை பேசினாங்க. அந்த இருபது நிமிஷத்துல சவுண்டு சர்வீஸ் தம்பி தன்னோட மல்டிமீட்டரைத் திருப்பி, பின்னாடி ஸ்க்ரூவைக் கழட்டி, அதுல இருந்த 9 வோல்ட் பேட்டரியை எடுத்துக் குடுத்தான். மிச்சப் புரோகிராம் முழுக்க மல்டிமீட்டர் பேட்டரியில ஓடுச்சு. அந்தத் தம்பி இன்னைக்கு வந்து கடன் கேட்டாலும் குடுப்பேன்.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். ஏழு பேஸ் வச்சிருந்தும் அன்னைக்கு ராத்திரி எங்கிட்ட இருந்தது ஒண்ணுதான். ஸ்பேர்னு நான் தூக்கிட்டுப் போனது ஸ்பேர் இல்ல, அது வேற வாத்தியம்.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துல ஆறை வித்தேன். வித்த காசுல, நான் வாசிக்கிற அதே மாடல் இன்னொண்ணு தேடி வாங்கினேன். கலர்கூடக் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பாக்குறவங்க சிரிப்பாங்க, "ஒரே சட்டையை ரெண்டு எடுத்த மாதிரி இருக்கே"ன்னு. ஆமா, அதேதான். ரெண்டுலயும் 45-ல இருந்து 130 வரைக்கும் ஒரே கேஜ் (தடிமன்) கம்பி. பன்னண்டாவது ஃப்ரெட்டுல கம்பியோட உயரம் ரெண்டுலயும் ஸ்டீல் ஸ்கேல் வச்சு அளந்து ஒண்ணாக்கினேன். கண்ணை மூடிக்கிட்டு எதை மாட்டினாலும் கைக்கு வித்தியாசம் தெரியாது.

இன்னொரு விஷயம், ஸ்பேரைச் சும்மா வைக்கக் கூடாது. ஒண்ணோட ஹெட்ஸ்டாக்ல செவப்பு நூல் கட்டியிருக்கேன். இந்த வாரம் நூல் உள்ளது மெயின், அடுத்த வாரம் நூல் இல்லாதது. பீரோவுக்குப் பின்னாடி தூங்கினா எந்த பேஸும் எழுந்திருக்காது. சித்திரை வெயில்ல நெக் ஒரு பக்கம் வளையும், ஐப்பசி மழையில இன்னொரு பக்கம். நெக்கோட வளைவைச் சரிபண்ற ட்ரஸ் ராடைத் திருப்பத் தெரியாதவன் ஏழு வச்சிருந்தா, ஏழு நெக்கும் ஏழு தினுசா நிக்கும். என்கிட்ட அப்படித்தான் நின்னுச்சு. செலவையும் பாருங்க. அஞ்சு கம்பி செட் ஒண்ணு மூணாயிரத்தை ஒட்டி வருது. வருஷத்துக்கு ரெண்டு தடவை ஏழுக்கும் மாத்த நம்மால ஆகுமா? ஆகாது. அதனால எதுக்குமே மாத்த மாட்டோம்.

இப்ப உங்க கணக்குக்கு வர்றேன். நீலம் 38 போயிருக்கு. உங்களுக்கு இன்னும் ஸ்பேரே இல்ல, பாத்துக்கங்க. செவப்பு நாலு கம்பி, சன்பர்ஸ்ட்டும் நாலு கம்பி. 42,000 குடுத்து வாங்கினாலும் நீலம் படுத்துக்கிட்ட ராத்திரியில நான் பட்ட பாட்டைத்தான் நீங்களும் படுவீங்க, கொஞ்சம் நல்ல டோன்ல. திருவிழா மேடைன்னா முதல் பாதி ராஜா சார், ரெண்டாவது பாதி ரகுமான். சசிதரன் சார் வாசிச்சதையும் கீத் பீட்டர்ஸ் வாசிச்சதையும் ஒரே ராத்திரியில, ஒரே கையால வாசிக்கிற பொழப்பு நம்மளது. ராஜா சார் பாட்டுல பேஸ்காரன் தப்பு பண்ணிட்டு ஒளிய முடியாது, முன் வரிசையில உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கே தெரியும்.

வீட்டுல கேட்டது சரியான கேள்வி. தங்கச்சிக்கு என் வணக்கம் சொல்லுங்க.

பதினெட்டு இஞ்ச் பாக்ஸ்

நான் வாசிக்கிறவன் இல்ல, மிக்சர் பக்கம் நிக்கிறவன். மல்டிமீட்டர் பேட்டரி குடுத்த தம்பி நானில்ல, ஆனா எங்க ஜாதிதான் அது.

மேலூர் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். ரெண்டு பேஸ் கொண்டு வர்றீங்கன்னா, ரெண்டோட லெவலையும் சவுண்டு செக்லயே எனக்குக் காட்டிருங்க. ஆக்டிவைக் கழட்டி பேட்டரி இல்லாத பாசிவை மாட்டுவீங்க, பாட்டுக்கு நடுவுல நான் கெயினை ஏத்துவேன். திரும்ப ஆக்டிவ்வை மாட்டுவீங்க, முன் வரிசையில இருக்கிற குழந்தை அலறும். ஒரே மாடல் ரெண்டுன்னா எனக்கு இந்த வேலையே இல்ல.

இரைச்சல் விஷயம். இப்ப கிராமத்துலகூட எல்.இ.டி. திரை வந்துருச்சு, ஜெனரேட்டர்ல எர்த்து இருக்கறது அவங்கவங்க அதிர்ஷ்டம். ஜாஸ் பேஸ்ல ரெண்டு பிக்கப்புல (கம்பிக்குக் கீழ இருந்து சத்தத்தைப் புடிக்கிறது) ஒண்ணை மட்டும் திறந்தா கொர்ர்ருன்னு கேக்கும். ரெண்டு வால்யூமையும் முழுசாத் திறங்க, பெரும்பாலும் அடங்கிரும், ஏன்னா ரெண்டு காயிலும் எதிரெதிராச் சுத்தினது. பிரிசிஷன்ல 1957-ல இருந்து பிக்கப்பே ரெண்டு துண்டு, அதுக்குள்ளயே அந்த வேலை நடந்துரும். அதனால நாலாங்கம்பி பாக்குற சன்பர்ஸ்ட் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா பேஸ்காரர் ஒரு கையில கம்பியும் ஒரு கையில மைக்கும் புடிக்கிறப்ப ஷாக் அடிச்சா அது பிக்கப் பிரச்சினை இல்ல, உடனே எங்களைக் கூப்பிடுங்க. பேஸை மாத்திப் பாக்காதீங்க.

அஞ்சாவது கம்பி பத்தி உண்மையைச் சொல்லிடறேன். திறந்த 'பி' கம்பி 31 ஹெர்ட்ஸ். நாங்க கொண்டு வர்ற பாக்ஸ் பலதுல அது முழுசா வராது, நீங்க கேக்கறது அதோட மேல் ஓசைகளைத்தான். ஆனா 2 கட்டை டி, 2½ கட்டை எல்லாம் 37, 39 ஹெர்ட்ஸ். நல்ல பாக்ஸ் அதைத் தள்ளிரும். ஆக அந்தக் கம்பி வேணும், அதுக்காகத் திறந்த 'பி'யிலயே போய் நின்னுக்கிட்டு எங்களை முறைக்காதீங்க.

ஷார்ட் ஸ்கேல்

அண்ணா, நான் நாகர்கோவில். சர்ச்ல ஆராதனைக்கு வாசிக்கிறேன், கிறிஸ்மஸ் சீசன்ல கன்வென்ஷன் மேடைகளுக்கும் போவேன். எனக்கு நாலு கம்பி போதும், ஏன்னா எங்க பாட்டுப் புத்தகத்துல கீ மாறாது. மாத்தணும்னா போதகர்கிட்ட அனுமதி வாங்கணும் :)

எனக்குக் கை சின்னது. வாசிக்கிறது கம்பி நீளம் 30 இஞ்ச் இருக்கிற ஷார்ட் ஸ்கேல். சாதாரண பேஸ் 34 இஞ்ச். ஒரு தடவை என் பேஸ்ல ஜாக் சால்டர் விட்டுப்போய், அங்க இருந்த அண்ணன் ஒருத்தர் தன்னோட பேஸை அன்பாக் குடுத்தார். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு விரல் தள்ளி இருந்துச்சு. முதல் ஃப்ரெட்டுக்கும் நாலாவதுக்கும் நடுவுல என் கை விரியவே இல்ல. "ஸ்பேர் எதுக்கு, மேடையில யார்கிட்டயாவது இருக்கும்"னு நினைச்சிருந்த ஆள் நான். அந்த டிசம்பரே இன்னொரு 30 இஞ்ச் வாங்கிட்டேன். அதை சர்ச் அலமாரியிலயே வச்சிருக்கேன், பஸ்ல ரெண்டைத் தூக்க முடியாது.

கடலுக்குப் பக்கத்துல இருக்கறவங்க அலமாரியில வச்சாலும் கம்பியைத் துடைச்சு வைங்க. உப்புக்காத்து உறையைத் தாண்டி வரும்.

தட்டைக்கம்பி

நான் ஒண்ணு போதும்னு சொன்னது டோனுக்கு. ஸ்பேருக்குச் சொல்லல. சரி, ரெண்டு.

ஆனா ஃப்ரெட்லெஸ்ஸை என்ன செய்யறது? அமெரிக்க பேஸ்காரர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஜாஸ் பேஸ்ல ஃப்ரெட்டைப் பிடுங்கி, படகுக்குப் பூசுற எபாக்ஸியைப் பூசி வாசிச்ச ஆள். நாலாங்கம்பி அதைச் செவுத்துல மாட்டி வச்சிருக்கார். பாவம் இல்லையா?

மேலூர்க்காரன்

அதை விக்கச் சொல்ல மாட்டேன். மனுஷனுக்கு வீட்டுல தனியா உட்கார்ந்து வாசிக்க ஒண்ணு வேணும். ஆனா அதைப் புரோகிராம் கணக்குல எழுதாதீங்க. லைட்டை அணைச்சுப் புகை விடுற மேடையில ஃப்ரெட்லெஸ் வாசிக்கிறது கிணத்துல விழுந்த சாவியைத் தேடுற மாதிரி. நான் ஒரு தடவை தேடியிருக்கேன்.

மூணாவது ஒண்ணு புரோகிராம் கணக்குல வரணும்னா, அது தன் கம்பிச் செலவைத் தானே சம்பாதிக்கணும். ரெக்கார்டிங் வாய்ப்பு மாசம் நாலு வருதா, அப்ப சன்பர்ஸ்ட் வாங்குங்க, நானே வந்து செட்டப் பண்ணித் தர்றேன். வருதா?

நாலாங்கம்பி (திண்டுக்கல்)

வரல அண்ணே. போன வருஷம் மொத்தமே ரெண்டு. ரெண்டுலயும் கீபோர்டுலயே பேஸைப் போட்டுட்டு, என்னை டீ குடிச்சுட்டுப் போகச் சொன்னாங்க.

நேத்து ராத்திரி ஒரு வேலை பண்ணினேன். நீலத்தை உறையில வச்சுட்டு, செவப்பை மட்டும் எடுத்து இந்த வாரப் பாட்டு லிஸ்ட் முழுக்க வாசிச்சுப் பாத்தேன். மூணாவது பாட்டுலயே கை தப்புச்சு. அதே ரெண்டாவது கம்பிதான். உள்ளே இருந்து "என்ன, வேற பாட்டா?"ன்னு குரல் வந்துச்சு.

சன்பர்ஸ்ட் அண்ணன்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு அரை மணி நேரம் அவர் வீட்டுலயே அதை வாசிச்சுக்கிட்டு இருந்தேன், அது வேற கதை. என் நீலத்தோட அதே மாடல் ஒண்ணு கரூர்ல 21,000-க்கு இருக்கு, கருப்புக் கலர். ஞாயித்துக்கிழமை பாக்கப் போறேன். நெக்கைப் பாக்கறப்ப எதைக் கவனிக்கணும் அண்ணே?

மேலூர்க்காரன்

முதல் ஃப்ரெட்டுலயும் கடைசி ஃப்ரெட்டுலயும் ஒரே கம்பியை அமுக்கிப் புடிங்க. நடுவுல ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்கிட்ட கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் விசிட்டிங் கார்டு தடிமன் இடைவெளி இருந்தா நல்லது. பென்சிலே நுழையும்னா ட்ரஸ் ராட் திரும்புதான்னு பாத்துட்டுப் பணம் குடுங்க. ராட் நட்டு ஏற்கெனவே இறுகி முட்டி நின்னா வாங்காதீங்க. 'பி' கம்பியை ஒவ்வொரு ஃப்ரெட்டா வாசிச்சுப் பாருங்க, எங்கயாவது செத்த ஸ்வரம் இருக்கும். பேட்டரி மூடியைத் திறந்து உள்ள பச்சை பூத்திருக்கான்னும் பாருங்க. போறப்ப புது 9 வோல்ட் ஒண்ணு சட்டைப்பையில எடுத்துட்டுப் போங்க.

செவப்பை என்ன பண்ணப் போறீங்க? எங்க குழுவுல ரிதம் பேட் வாசிக்கிறவர் பையன் பத்தாவது முடிச்சிருக்கான், பேஸ் கத்துக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான்.

நாலாங்கம்பி (திண்டுக்கல்)

11,000-க்கு வாங்கினேன், 7,000 குடுத்தா போதும். பையன்னா 6,000. கம்பி புதுசா மாத்தியே தர்றேன், துரு வேணாம்.

உறை மட்டும் இல்ல அண்ணே. ஜிப் பிஞ்சுது, அம்மா அதுல நெல்லு கட்டி வச்சிருக்காங்க.